நாரைக் கவசம்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப்போவதில்லை. நடந்தது. எனக்கு நடந்தது. அவ்வளவுதான்.

கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் சந்தேகப்படலாம். நானே சந்தேகப்படுவேன். எனக்குக் கண்ணில் அழுத்த நோய். எதிரில் நிற்பவரின் முகம் தண்ணீருக்குள் கிடப்பது போலத்தான் தெரியும். ஆனால் நான் எழுதுவது காதால் கேட்டது. மாயவரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். 'ஹலோ' என்ற ஒரு சொல்லை வைத்தே, பேசுகிறவர் தனியாக இருக்கிறாரா, பக்கத்தில் யாரும் நிற்கிறார்களா என்று சொல்லிவிடுவேன். லைனில் ஆள் மூச்சுவிடாமல் இருந்தாலும் ஆள் இருப்பது எனக்குத் தெரியும். சினிமாவைக்கூட அடுப்படியில் நின்று வசனத்தைக் கேட்டே முடித்துவிடுகிறவள்.

என் காது பொய் சொல்லாது. வாய் சொல்லும். அதையும் எழுதத்தான் போகிறேன்.

என் தங்கை பிரகதீஸ்வரி நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் இராஜாங்கம் சொந்த நிலத்தில் விவசாயம் பார்க்கிறார். ஒரே மகன் அறிவுச்செல்வன். எங்களுக்கு அறிவு. போன ஆவணியில், ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போன நேரம், வேலை முடிந்து வரும்போது தரைப்பாலத்தில் பைக்கோடு வழுக்கி உள்ளே போனான். இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தான். ஆஸ்பத்திரியில் இருந்து முழுக்கச் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகம் மட்டும் பார்த்தோம்.

பதினாறாம் நாள் காரியத்தன்று அவன் துணிமணிகளை எல்லாம் மூட்டை கட்டி ஆற்றில் விடச் சொன்னவள் நான்தான். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம்.

"அக்கா, அந்தக் கட்டம் போட்ட சட்டை ஒண்ணு மட்டும் இருக்கட்டுமே" என்றாள் பிரகதி.

"செத்தவங்க உடுப்பு வீட்டுல இருந்தா அவங்க போக மாட்டாங்கடி. அவன் போகணுமா வேணாமா?"

அவள் அந்தச் சட்டையை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அன்றைக்கே நான் அதைக் கண்டுபிடித்து எடுத்துப் போட்டேன். ஒரு கைக்குட்டைகூட மிச்சம் வைக்கவில்லை.

அவளுக்குத் துணையாக நான் அங்கேயே தங்கினேன்.

ஒரு வாரம் போனது. ஒரு நாள் சாயந்திரம் ஹாலில் ஒரு சத்தம். கிளிங்... கிளிங்... கிளிங்... யாரோ இரும்பைப் போட்டுக்கொண்டு கல் தரையில் நடக்கிற மாதிரி.

"என்னடி அது?"

"அறிவு விளையாடுவானே, அந்த கேம்க்கா. பட்டன் தட்டினேன், வந்துருச்சு. இங்க வாயேன். அவன் நிக்கிறான் பாரு."

டி.வி.யில் ஒரு வீரன். அறிவு இரண்டு வருடமாக ஆடி வளர்த்த வீரன். தலைக்கு மேலே அவன் பெயர்கூட எழுதியிருக்கிறதாம். அந்த கேமில் காடு, சதுப்பு, கோட்டை என்று அலைந்து, மிருகங்களை வென்று, தோல், இறகு, தாது என்று சேர்க்க வேண்டும். சேர்த்ததைக் கொண்டுபோய் ஒரு கொல்லரிடம் கொடுத்தால் உலையில் போட்டு அடித்துக் கவசமாக்கித் தருவார். அறிவு செய்துகொண்டிருந்தது வெள்ளி நாரைக் கவசம். தலை, தோள், கை, கால் நான்கும் முடித்துவிட்டான். மார்க்கவசம் மட்டும் பாக்கி. திரையில் அதற்குரிய கட்டத்தின் மேல் இன்னும் பூட்டுப் படம். மூன்று வெள்ளி இறகு கொடுத்தால்தான் பூட்டுத் திறக்கும். அவன் சேர்த்து வைத்திருந்தது இரண்டு.

பிரகதிக்குக் கண் உண்டு, இங்கிலீஷ் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் தெரியும், கண் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள். அவள் பார்த்ததைச் சொல்வாள், நான் கேட்டதைச் சொல்வேன். பட்டன் தட்டுவது நான்.

"இப்ப என்னக்கா சொல்றாரு?"

"'வா வீரா, உலை காய்ஞ்சிருக்கு'ங்கிறாரு."

"கொல்லரு மூஞ்சி நம்ம ரேஷன் கடைக்காரர் மாதிரியே இருக்குக்கா."

"அதான் கேட்டதெல்லாம் 'இல்லை, போதாது'ன்னே சொல்றாரு."

மகன் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

"அக்கா, அந்த ஒரு இறகையும் எடுத்துக் குடுத்துரு. அவன் ஆசையா செஞ்சது. முழுசாப் போட்டு நிக்கிறதை ஒரு தடவை பாத்துட்டேன்னா போதும்" என்றாள்.

சரி என்றேன். முயற்சியும் செய்தேன். அறுபத்தொன்பது வயதில் சதுப்புக்குள் நாரையைத் துரத்தினேன். ஒவ்வொரு முறையும் செத்துப்போனேன்.

ஆனால் போகப் போக விஷயம் வேறு மாதிரி ஆனது. பிரகதி டி.வி.யை அணைக்கவே விடவில்லை. சாயந்திரம் அதற்கு முன்னால் ஒரு டம்ளர் காபி வைத்தாள். 'சாப்ட்டியா கண்ணு' என்று கேட்டாள். தான் சாப்பிடவில்லை. நடவுக்கு ஆள் வந்திருந்தபோது வாசலுக்குக்கூட வரவில்லை. ஒரு நாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள்.

இராஜாங்கம் என்னிடம் கொல்லையில் வைத்துச் சொன்னார்: "அண்ணி, பையன் போயிட்டான். இவளும் போயிருவா போலிருக்கு. நீங்க சொன்னாதான் கேப்பா. எதாச்சும் பண்ணுங்க."

என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். ஹாலில் கிளிங்... என்று ஒரு சத்தம் வந்தது. சும்மா நிற்கும்போதும் அந்த வீரன் அவ்வப்போது கால் மாற்றி நிற்பான். அப்போதுதான் அது என் மனதில் பட்டது. எல்லாத் துணியையும் ஆற்றில் விட்டோம். இதை விடவில்லை. இதுவும் செத்தவன் உடுப்புதானே? அவனே செய்து, அவனே போட்டுக்கொண்டது. வீட்டுக்கு நடுவில் நிற்கிறதே!

இப்போது எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்று நான் அதை நிஜமாகவே நம்பினேன்.

ஐப்பசிக் கடைசி. காலையில் இருந்து அடைமழை. பிரகதியை டாக்டரிடம் காட்டத் திருவாரூருக்குக் காரில் அழைத்துப்போக ஏற்பாடு. அவள் கிளம்ப மறுத்தாள்.

"அவன் தனியா நிப்பான்க்கா."

"நான் இருக்கேன்ல. பக்கத்துலயே உக்காந்திருக்கேன். போயிட்டு வா."

"அணைச்சுற மாட்டியே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமாடி. நான் பாத்துக்கிறேன்."

அவள் இராஜாங்கத்தோடு கிளம்பிப் போனாள். டி.வி.யை அணைக்க மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். நான் அணைக்கவில்லை.

வீட்டில் நான் மட்டும். மழைக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. போனைத் தட்டினேன். என் போன் மணி சொல்லும். 'நான்கு பத்து' என்றது.

கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். வீரனைக் கொல்லரிடம் நடத்திப் போனேன். கிளிங்... கிளிங்... உலை புஸ்ஸென்று ஊதியது.

கொல்லரிடம் கவசத்தை உருக்கவும் முடியும். உருக்கினால் கொஞ்சம் தாது மட்டும் திரும்பக் கிடைக்கும். கவசம் போனது போனதுதான். கொல்லர் எச்சரிப்பார். அவர் குரல் கரகரவென்று இங்கிலீஷில் வரும்: உருக்கினால் திரும்பாது. சம்மதமா?

முதலில் தலை.

சம்மதம். ஸ்ஸ்ஸ்ஸ்...

தோள். சம்மதம். ஸ்ஸ்ஸ்ஸ்...

கை. சம்மதம்.

கால் கவசத்துக்கு வந்தபோது என் விரல் ஒரு நொடி நின்றது. பிரகதி கேட்டாளே, முழுசாப் பார்க்க வேண்டும் என்று. அவளுக்கு நல்லதுதான் செய்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சம்மதம்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

கொல்லர் வழக்கமாக 'முடிந்தது' என்பார். சொல்லவில்லை. உலைச் சத்தமும் நின்றது. மழைச் சத்தம் மட்டும்.

அப்புறம் கேட்டது.

கிளிங்...

தலை நிமிர்ந்தேன். எல்லாவற்றையும் உருக்கியாயிற்று. இனி அந்த வீரன் நடந்தால் இரும்புச் சத்தம் வரக் கூடாது. டி.வி.க்குள் கோளாறு என்று நினைத்தேன். ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தை முழுக்கக் குறைத்தேன்.

கிளிங்... கிளிங்...

அது டி.வி.யில் இருந்து வரவில்லை.

கொல்லையில் இருந்து வந்தது.

கிணற்றடிச் சிமெண்ட் தரை. எனக்குத் தெரியும். அந்தத் தரையில் எந்தச் சத்தமும் கொஞ்சம் இழுத்துக் கேட்கும். அங்கே ஏதோ கழன்று விழுந்தது.

டணார்...

உருண்டது. உருண்டு நின்றது. உருண்டையான சாமான்.

கிளிங்... கிளிங்... கொல்லைக் கதவு. தாழ்ப்பாள் போட்டிருந்தேன். நான்தான் போட்டேன். கதவு திறந்த சத்தமே இல்லை. ஆனால் அடுத்த அடி அடுப்படிக்குள் கேட்டது.

டங்... டங்...

இன்னும் இரண்டு. தோளில் இருந்து விழுகிற மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக.

நடை லேசானது. சாப்பாட்டு மேஜை பக்கம் வந்தது. கிலுக்கென்று கையுறை மாதிரி ஏதோ தரையில்.

நான் எழுந்திருக்கவில்லை. திரும்பவும் இல்லை.

ஹாலுக்கு வரும் நடைவழி.

டங்...

கடைசி.

அதற்குப் பிறகு இரும்புச் சத்தம் இல்லை.

சப்...

சப்...

ஈரக் கால். வெறுங்கால்.

ஹால் வாசற்படி வரை வந்தது. என் முதுகுக்குப் பின்னால். நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. உள்ளே வரவில்லை.

லைனில் ஆள் இருந்தது.

"யாரு?"

பல் கிடுகிடுக்கிற சத்தம். தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

"யாரது?"

"பெரியம்மா..."

அவன்தான். ஆயிரம் குரலில் வைத்தாலும் பிரித்து எடுப்பேன்.

கழுத்து தானாகத் திரும்பப் போனது.

"திரும்பாதீங்க."

திரும்பவில்லை.

"ஏதாச்சும் குடுங்க பெரியம்மா..."

...

"அம்மா வந்துருவாங்க."

என் மடியில் துண்டு கிடந்தது.

மழைக்குக் குளிருகிறதே என்று நானே எடுத்துப் போட்டிருந்த துண்டு. கை எழவில்லை என்று எழுதினால் அது பாதிப் பொய். பின்னால் நீட்டினால் அந்தக் கை என் கையில் பட்டுவிடுமே என்று பயந்தேன். அவ்வளவுதான். பிறந்த நாளில் இருந்து நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

துண்டை இன்னும் இறுக்கி என்னைப் போர்த்திக்கொண்டேன்.

அவன் காத்திருந்தான். சொட்டுச் சத்தம் மட்டும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. போனைத் தட்டத் தைரியம் இல்லை.

வாசலில் கார் கதவு அடித்தது. பிரகதியின் குரல்: "அக்கா!"

சப் சப் சப் சப்...

பின்னால் ஓடினான். அவசரமாக. ஒளிந்துகொள்கிறவன் ஓடுகிற மாதிரி.

பிரகதி குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தாள். நேராக டி.வி. பக்கம்தான் வந்தாள்.

"அக்கா... அவன் போட்டிருந்ததெல்லாம் எங்கக்கா?"

"கரண்ட் போய்ப் போய் வந்துச்சும்மா. என்னமோ ஆயிப்போச்சு. எல்லாம் அழிஞ்சுபோச்சு."

அன்று எங்கள் தெருவில் கரண்ட் போகவில்லை. அது அவளுக்குத் தெரியாது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"அவன் மேல இப்ப ஒண்ணுமே இல்லையாக்கா?"

"ஏதோ ஒரு மெல்லிசுத் துணி இருக்கும். கேம்ல அப்படித்தான்."

"தெரியலையேக்கா. உடம்பு நெறம்தான் தெரியுது." கொஞ்சம் கிட்டப் போனாள். "முன்னல்லாம் கையைத் தொங்கவிட்டுத்தானே நிப்பான்? இப்ப ஏன் இப்படி நிக்கிறான்?"

"எப்படி?"

எனக்குக் கண் தெரியாது அல்லவா? அதனால் என் கைகளைப் பிடித்து வைத்துக் காட்டினாள். இடது கை மார்புக்குக் குறுக்கே. வலது கை கீழே, தொடைகளுக்கு நடுவில், மறைத்தபடி.

"இப்படிக்கா."

அடுப்படியில் இருந்து இராஜாங்கம் கேட்டார்: "ஏன் அண்ணி தரையெல்லாம் ஈரம்? கொல்லைக் கதவு சாத்தித்தானே இருக்கு?"

"சாரல்" என்றேன்.

தரையில் வேறெதுவும் கிடக்கவில்லையாம். நான் கேட்டுப் பார்த்தேன். தண்ணீர் மட்டும்தான்.

இதோடு முடிந்திருந்தால், வயதானவள், பயத்தில் ஏதோ கேட்டது என்று நானே சொல்லிக்கொண்டிருப்பேன்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள், பக்கத்து வயல்காரர் குஞ்சிதபாதம் வந்தார். அறிவு கிடைத்தது அவர் கண்ணில்தான். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர், மதகில் தட்டி நின்ற உடம்பைப் பார்த்து, இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக் கரையேற்றினார். துக்கத்தின்போது வாசலோடு நின்றவர், பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

"தங்கச்சி பக்கத்துல இல்லையே?" என்றார் மெதுவாக.

"குளிக்கிறா. சொல்லுங்க."

"நெஞ்சுல கிடந்து அறுக்குதும்மா. யார்கிட்டயாச்சும் சொல்லணும். பெத்தவங்ககிட்ட சொல்ல முடியாது."

"சொல்லுங்க."

"புள்ளை கிடைச்சப்போ உடம்புல ஒரு நூல் இல்லம்மா. ஆத்து வேகம் எல்லாத்தையும் உருவிக்கிட்டுப் போயிருச்சு. போலீஸ் வர்றதுக்குள்ள மதகுப் பாலத்துல பொம்பளைங்க எல்லாம் கூடிட்டாங்க. அந்தப் புள்ளை கையை..."

"இருங்க" என்றேன்.

எழுந்து நின்றேன். என் இடது கையை மார்புக்குக் குறுக்கே வைத்தேன். வலது கையைக் கீழே கொண்டுபோனேன். இந்த வயதில் ஒரு ஆண்பிள்ளைக்கு முன்னால் அப்படி நிற்க எனக்குக் கூச்சம் தோன்றவில்லை.

"இப்படியா?"

"உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"நீங்க மேல சொல்லுங்க."

"கையை எடுத்து நேரா வைக்கலாம்னு பாத்தோம். வரலை. ரெண்டு பேரா இழுத்தோம். வரலை. சரி, மொதல்ல மறைப்போம்னு என் தோள்ல கிடந்த துண்டை எடுத்துப் போத்தினேன்... போத்தின உடனே கை தானா விட்டுச்சும்மா."

உள்ளே பிரகதி கிணற்றடியில் இருந்து வரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து போய்விட்டார்.

அன்றில் இருந்து நான் தினமும் ஆடுகிறேன். முதலில் இருந்து. தாது, தோல், இறகு. சதுப்பில் எத்தனை தடவை செத்தாலும் மறுபடி போகிறேன். பிரகதிக்கு நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. அக்கா எனக்காகப் பாடுபடுகிறாள் என்று இராஜாங்கத்திடம் பெருமையாகச் சொல்கிறாள். அதைக் கேட்கும்போது எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நேற்று ஒரு கால் கவசம் முடிந்தது. கொல்லர் 'முடிந்தது, போட்டுப் பார்' என்றார். போட்டுவிட்டேன்.

"என்னடி தெரியுது?" என்றேன்.

பிரகதி டி.வி.க்கு ரொம்பக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"கால்ல மின்னுதுக்கா. அழகா இருக்கு."

முந்தானையால் திரையைத் துடைத்தாள்.

"கையைத்தான் இன்னும் எடுக்க மாட்டேங்கிறான்."